பத்தரை மணி வரை ஒரு பக்கெட்

அன்று காலை அங்கே இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, எதிர் வீட்டு அண்ணன். எதிர் வீட்டு அண்ணன் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. தெருவில் தன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எங்கள் ஷட்டரைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அவரைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், நடந்ததை முழுக்கப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். என் மனைவியைக் கேட்டால் ஐந்து பேர் இருந்ததாகச் சொல்வாள். "இவரு பயம் ஒண்ணு தனியா வந்து நின்னுகினு இருந்துச்சு" என்பாள்.

ஷெட் என்பது திருவொற்றியூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம். பத்தடி அகலம், பதினெட்டடி நீளம், முன்னால் ஒரு இரும்பு ஷட்டர். பதினோரு வருடமாக என் ஸ்கூல் வேன் ராத்திரி தங்கும் இடம். வேன் நன்றாக ஓடும், ஆனால் நின்ற இடத்தில் ஆயில் சொட்டும். தரையில் இந்தியா மேப் மாதிரி ஒரு கறை, அதற்குக் கீழே இலங்கை மாதிரி ஒரு சின்னக் கறை. சிமெண்ட் தரை வேறு உப்புப் பூத்துப் பொரிந்து, பெருக்கப் பெருக்க மாவு மாதிரி வரும்.

என் மனைவி ரோஸ் குக்கீஸ் சுடுவாள். அச்சை எண்ணெயில் காய்ச்சி, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டு உதறுகிற பலகாரம். மாடிச் சமையலறையில் சுட்டு, கோயில் வாசலிலும் தெரிந்த வீடுகளிலும் விற்றுக்கொண்டிருந்தாள். தண்டையார்பேட்டையில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வைத்திருக்கும் ஒருவர் ருசி பார்த்துவிட்டு, மாதம் நாற்பது கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் வீட்டுச் சமையலறையில் சுட்டது வேண்டாம், தனி இடம் வேண்டும், தரை கழுவுகிற மாதிரி இருக்க வேண்டும், தூசி கிளம்பக் கூடாது என்றார். புதன்கிழமை அவருடைய ஆள் வந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் எண்ணூரில் வேறொரு அம்மா தயாராக இருக்கிறாராம். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் என் மனைவி தனக்கென்று கேட்ட முதல் பெரிய விஷயம் இது. கேட்டது என்னிடம் இல்லை, தம்பியிடம். அதிலேயே என்னைப் பற்றி அவள் வைத்திருந்த அபிப்பிராயம் தெரியும்.

மச்சான் எண்ணூர் பக்கம் கப்பலுக்கும் எண்ணெய் டேங்குக்கும் பெயின்ட் அடிக்கிற கான்டிராக்டில் வேலை செய்கிறான். நான் டைல்ஸ் ஒட்டலாமே என்றேன்.

"டைல்ஸ் ஒட்னா இடுக்குல மாவும் எண்ணெயும் பூந்து கலீஜாயிடும் மாமா. எபாக்சின்னு ஒரு பிசின், அத்த ஊத்தினா இடுக்கே கெடையாது. கண்ணாடி மாரி கீது, தண்ணி ஊத்தி தள்ளிவுட்டா முடிஞ்சது."

"வழுக்குமா?"

"நீ ஓடி விளையாடுனா வழுக்கும்."

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். படித்தவனுக்கு எது ஆபத்து, எது இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். எனக்கு அது சரியாகத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பயப்பட்டு வைப்பேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்ப்பேன். வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பேன். காலியான வேனில் நான் குனிந்து "யாராவது கீறீங்களா" என்று கேட்பதைப் பார்த்து வாட்ச்மேன்கள் சிரித்திருக்கிறார்கள்.

மே மாசம். பள்ளிக்கூடம் லீவு. வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தோம். முதல் இரண்டு நாள் ஆயில் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். இலங்கை போய்விட்டது, இந்தியா போகவில்லை. மூன்றாம் நாள் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னான் மச்சான். நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, ஒரு குவளையில் ஆசிட்டை எடுத்து ஒரு கை தூரத்தில் ஊற்றினேன். ஹெல்மெட் கண்ணாடி ஆவியில் மறைத்துவிட, பாதியைச் சுவரில் ஊற்றியிருக்கிறேன். எதிர் வீட்டு அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே, "தம்பி, ஆர்சி புக்கும் கையில வெச்சிக்கோ" என்றார்.

அதற்குப் பிறகு வாடகைக்கு எடுத்த மெஷினால் மச்சான் தரையைத் தேய்த்தான். இந்தியா காணாமல் போனது. பிறகு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் பரப்பி நாலு பக்கமும் டேப் ஒட்டினான். ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும், தரையிலிருந்து ஈரம் ஏறினால் ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாக நிற்கும், நின்றால் எபாக்சி ஒட்டாது என்று சொல்லிவிட்டுப் போனான். நான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். மறுநாள் அவன் வந்து டேப்பைத் தடவினான்.

"எத்தினி தபா தூக்குன?"

"ஒரே தபா."

"டேப்பு அழுவுது மாமா. ஒட்டுற பசையே போச்சு."

மறுபடி ஒட்டினான். இந்தத் தடவை என் மனைவி ஷட்டரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஷீட்டுக்கு அடியில் ஈரம் இல்லை. விரிசல்களுக்கு மக்கு அடைத்து, வெள்ளிக்கிழமை காலையில் பிரைமர் அடித்தான். சனிக்கிழமை காலை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனுக்குத் தொடர்ந்து ஷிப்ட். ஊற்றியது மூன்று நாள் காய வேண்டும். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் சனிக்கிழமையை விட்டால் வேறு நாளே கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். நான் ராயபுரத்தில் ஞானஸ்நானம் வாங்கியவன், ஞாயிறு பூசையில் இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறவன். ஆனால் ராகு காலம் பார்ப்பேன். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தேதி கிழிக்கிற சாக்கில் ராகு காலமும் எமகண்டமும் பார்த்து மனதில் வைத்துக்கொள்வேன். அதை நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். மாதா பார்த்துக்கொள்வாள். ஆனால் மாதா வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இப்படி இரண்டு பக்கமும் பிரீமியம் கட்டுகிறவன் நான். இத்தனை வருடத்தில் மனைவிக்குச் சொன்னதில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் சொன்னதில்லை.

சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதனால்தான் மச்சானை ஏழரைக்கே வரச் சொல்லியிருந்தேன். "வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிடலாம்" என்று காரணம் சொல்லி வைத்திருந்தேன். அவன் வந்தது ஒன்பது ஐம்பதுக்கு. பைக் பஞ்சராம்.

"டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம் மச்சான்" என்றேன்.

"ஏற்கெனவே லேட்டு. முடிச்சிட்டு டீ குடிக்கலாம்."

"வடை கீது."

"வடையும் முடிச்சிட்டு."

மனைவி பின் ஜன்னல் இடுக்குகளில் ஈரச் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தால் எங்கள் பக்கத்து ஃபேக்டரிக் கரித்தூள் ஈரத் தரையில் வந்து எள்ளுத் தூவின மாதிரி உட்காரும். மச்சான் பெரிய டப்பாவைத் திறந்தான். டப்பாவின் மேல் எல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு படம்தான்: ஒரு மரம் பட்டுப்போய் நிற்கிறது, பக்கத்தில் ஒரு மீன் செத்துக் கிடக்கிறது. மீன்பாடு உள்ள ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் படம் போதும். பெரிய டப்பாவில் இருந்ததை ஒரு பக்கெட்டில் கொட்டி, சின்ன டப்பாவில் இருந்ததை அதன் தலையில் ஊற்றி, டிரில்லில் மத்து மாதிரி ஒன்றை மாட்டிக் கலக்கினான். பதினைந்து கிலோ. சாம்பல் நிறத்தில் பாயசம் மாதிரி சுழன்றது. மணி பத்து.

கலக்குவது வேறு, ஊற்றுவது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாவு கரைத்து வைத்தால் சமையல் ஆரம்பித்ததாக ஆகுமா? தரையில் விழுகிற முதல் துளிதான் ஆரம்பம். அது பத்தரைக்கு மேல் விழுந்தால் போதும். இன்னும் அரை மணி நேரம்தான். மச்சான் மத்தைக் கழுவப் பின்பக்கம் போனான். சுவரில் சாய்த்து வைத்திருந்த முள் ரோலர் என் கண்ணில் பட்டது. ஊற்றிப் பரப்பினதும் காற்றுக் குமிழை உடைப்பதற்கு அதை உருட்ட வேண்டும், உடம்பெல்லாம் பிளாஸ்டிக் முள் இருக்கும். அதை எடுத்துக்கொண்டுபோய் வேனில் மூன்றாவது சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். பதினோரு வருடமாக நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அதே இடம்.

மச்சான் திரும்பி வந்தான்.

"ரோலர் எங்க?"

"எந்த ரோலரு?"

"முள் ரோலரு மாமா. இங்க தான வெச்சேன்."

தேடினோம். நானும் தேடினேன். டிரம்முக்குப் பின்னால், ஏணிக்கு மேலே, ஒரு தடவை பக்கெட்டுக்குள்ளேயும் எட்டிப் பார்த்தேன். மனைவி சாக்குக் குவியலைப் புரட்டினாள். மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டு, "சைட்லயே வுட்டுட்டு வந்துட்டேன் போல. இன்னா பேஜாருடா இது" என்று தன்னையே திட்டிக்கொண்டான். சொல்லிவிடலாமா என்று வேன் பக்கம் திரும்பினேன். ஆனால் மணி பத்து பன்னிரண்டுதான்.

"மாமா, எர்ணாவூர்ல தோஸ்து ஒருத்தன் கிட்ட ரோலர் கீது. பத்து நிமிஷத்துல வாங்கினு வரேன். நீ ஒண்ணு மட்டும் செய். இத்த பக்கெட்லயே வெச்சிக்காத. தரையில ஊத்திவுடு. பக்கெட்ல மொத்தமா இருந்தா சூடேறும். தரையில பரவினா ஒண்ணும் ஆவாது. புரியுதா?"

"புரியுது."

"ஊத்திடு."

"ஊத்திடறேன்."

பைக் கிளம்பியது. மனைவி மொட்டை மாடியில் காயப்போட்ட அரிசியைக் கிளறிவிடப் போனாள். நானும் பக்கெட்டும் மட்டும் இருந்தோம். செல்லைப் பார்த்தேன். பத்து பதினான்கு.

ஊற்றினால் ராகு காலத்தில் ஊற்றினதாக ஆகும். அதுவும் என் கையால். அடுப்பு வைக்கப்போகிற இடம், எண்ணெய் கொதிக்கப்போகிற இடம், அவள் நின்று வேலை செய்யப்போகிற இடம். பதினாறு நிமிஷம்தானே என்று பக்கெட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பத்து இருபதுக்குத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஷட்டர் வழியாக வெயில் அடிக்கிறது என்று பக்கெட்டை நிழலுக்கு இழுத்தேன். பத்து இருபத்திரண்டுக்குக் காய்ச்சல் கண்ட குழந்தை நெற்றி மாதிரி சுட்டது. ஒரு ஈரச் சாக்கை எடுத்து அதைச் சுற்றிக் கட்டினேன். காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது எனக்குத் தெரியும், எபாக்சி எனக்குத் தெரியாது. பத்து இருபத்தைந்துக்குச் சாக்கிலிருந்து ஆவி வந்தது. பத்து இருபத்தேழுக்குப் பக்கெட்டிலிருந்தே புகை வந்தது. நல்ல நேரத்துக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.

புகையோடு ஒரு வாடை. மூக்கின் உச்சிக்கு ஏறுகிற, கண்ணைக் கரிக்கிற வாடை. சுற்றிலும் ஃபேக்டரிகள் இருக்கிற எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி வாடை வந்தால் இது எங்கிருந்து வருகிறது என்று யாரும் நின்று யோசிக்க மாட்டார்கள். முதலில் மூக்குக்கு ஈரத்துணி, அடுத்து பிள்ளைகள், அடுத்து ரேஷன் கார்டு. இரண்டு நிமிஷத்தில் தெருவில் பாதி வீடு வெளியே வந்துவிட்டது. யாரோ வடக்கே கையைக் காட்டினார்கள், யாரோ தெற்கே காட்டினார்கள். ஒருவரும் எங்கள் ஷட்டரைக் காட்டவில்லை. எதிர் வீட்டு அண்ணன்தான் தோள் துண்டைக் குவளைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டே, "வாடை ஃபேக்டரிலேர்ந்து வர்ல. எல்லாம் உள்ள போங்க. நம்ம தம்பி சமைக்கிறாரு" என்றார்.

மச்சான் வந்து இறங்கினான். ஒரு கொக்கிக் கம்பியால் பக்கெட்டை இழுத்துத் தெரு நடுவில் வைத்தான். பக்கெட் ஒரு பக்கம் உருகிச் சாய்ந்திருந்தது, உள்ளே இருந்தது படபடவென்று வெடித்துக்கொண்டே கல்லாகிக்கொண்டிருந்தது. மணி பத்து முப்பத்தொன்று.

"ஊத்தச் சொன்னேனே மாமா."

 மனைவி கீழே வந்தாள். பக்கெட்டைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஒரு துளிகூட விழாத தரை.

"ஏன்யா ஊத்தல?"

"ரோலர் இல்லியேன்னு..."

எதிர் வீட்டு அண்ணன் துண்டை அவிழ்த்தார். "ரோலரா? வேன்ல சீட்டுக்கு கீழ பாரும்மா. பத்து மணிக்கு இவருதான் எடுத்தாந்து வெச்சாரு. பத்திரமா வெக்கறாருன்னு நெனச்சேன்."

மச்சான் வேனுக்குள் ஏறி, ரோலரை எடுத்துக்கொண்டு இறங்கினான். அதை என் கையில் கொடுத்தான். அப்புறம் நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நடுத்தெருவில், புகைகிற பக்கெட்டுக்குப் பக்கத்தில், கையில் முள் ரோலரோடு, ராகு காலம் என்று சொன்னேன்.

"ரெண்டாவது பெஞ்ச்" என்றாள் மனைவி. அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு ஆதரவாக எதிர் வீட்டு அண்ணன் ஏதாவது சொல்வார் என்று அவரைப் பார்த்தேன். தினமும் விபூதி பூசுகிறவர். அவர் தலையை ஆட்டினார். "நானே பாக்கறதில்ல தம்பி. கப்பல் வந்து நிக்கும்போது ராகு காலம்னு கிரேன்லேர்ந்து எறங்க முடியுமா?"

மச்சான் மெதுவாக, "யக்கா, பாரீஸ் கார்னர்ல இன்னொரு கிட்டு, ரெண்டு டப்பாவும் சேத்து, கெடைக்கும். இப்ப போனா ஒரு மணிக்குள்ள வந்துடலாம். இன்னிக்கி வுட்டா முடியாது. ஆனா ஏழாயிரத்து எட்நூறு ஆவும்" என்றான்.

என்னிடம் பணம் இல்லை. மே மாசம் வேன்காரனிடம் பணம் இருக்காது. மனைவி மாடிக்குப் போய், மூன்று பர்னர் அடுப்பு வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து வந்து தம்பி கையில் எண்ணிக் கொடுத்தாள். அவனுக்கே மனசு கேட்கவில்லை.

"அடுப்புக்கு இன்னா பண்ணுவ?"

"அடுப்பு வாடகைக்கு எடுத்துக்கலாம். தரை வாடகைக்கு கெடைக்குமா?"

அவன் தோஸ்திடமிருந்து வாங்கி வந்த ரோலரும் சும்மா வரவில்லை. புதுசாம், முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருந்தான். அதையும் அவளே கொடுத்தாள்.

மச்சான் திரும்பும்போது மணி ஒன்று இருபது. டப்பா திறந்து, கலக்கி, மத்தைக் கழற்றும்போது ஒன்று நாற்பது ஆகிவிட்டது. சனிக்கிழமை எமகண்டம் ஒன்றரையிலிருந்து மூன்று. நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் மனைவி மாடியிலிருந்து காலண்டரையே கழற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். சத்தமாகப் படித்தாள்.

"எமகண்டம். ஒண்ணரை டு மூணு." காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். "ஊத்துடா."

மச்சான் பக்கெட்டைத் தூக்கினான்.

"நீ வேணாம். இவரு ஊத்தட்டும்."

பதினைந்து கிலோ பக்கெட்டைத் தூக்கி, உள்பக்கச் சுவரிலிருந்து ஷட்டரை நோக்கி ஊற்றிக்கொண்டே வர வேண்டும். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்ளக் கை காலி இல்லை. மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். கை நடுக்கத்தில் கோடு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து விழுந்தது. மச்சான் பல் வைத்த கரண்டியால் அதை இழுத்துப் பரப்பிக்கொண்டே வந்தான். "நடுங்குனாலும் நல்லாதான் ஊத்தற மாமா. ஒரே எடத்துல கொட்டல பாரு" என்றான். நான் ரோலர் உருட்டினேன். குமிழ்கள் உடைந்து உடைந்து மறைந்தன. சாம்பல் நிறத் தரையில் ஷட்டருக்கு வெளியே இருந்த வெளிச்சம் முழுசாக இறங்கிக் கிடந்தது. மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் நகரவில்லை.

மூன்று நாளும் நான் ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் காய்ந்துவிட்டதா என்று ஷட்டர் ஓரத்தில் கட்டை விரலால் லேசாக அழுத்திப் பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ரேகை அப்படியே இறுகிவிட்டது. எட்டாவது வரை படித்துக் கையெழுத்துப் போடத் தெரிந்தவன், சொந்த வீட்டில் கைநாட்டு வைத்துவிட்டேன்.

புதன்கிழமை ஸ்டோர் ஆள் காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்தது பன்னிரண்டே காலுக்கு. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து என்ன காலம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காலண்டரை அவள் பிறகு மாட்டவே இல்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள்.

அந்த ஆள் வாசலில் நின்று தரையைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றினார். பதினோரு வருடம் ஆயில் சொட்டின ஷெட்டுக்குள் ஒருவர் ஷூவைக் கழற்றிவிட்டு நுழைவதை எதிர் வீட்டு அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். அந்த ஆள் ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார், கர்சீப்பால் துடைத்தார், கர்சீப்பைத் திருப்பிப் பார்த்தார். போகும்போது ஷட்டர் ஓரத்தில் குனிந்தார்.

"இது இன்னா மார்க்கு?"

"எங்க வூட்டுக்காரரு கைரேகை" என்றாள் மனைவி. "டெஸ்ட் பண்ணாரு."

அவர் சிரித்துவிட்டு, முதல் மாதத்துக்கு நாற்பது கிலோ என்று எழுதிக் கொடுத்தார்.

அவள் இப்போது வாடகை அடுப்பில் சுடுகிறாள். அடுப்பு வாடகையை ஆர்டர் பணத்திலிருந்து கொடுக்கிறாள், அதில் எனக்குப் பங்கில்லை. என் வேன் தெருவில் நிற்கிறது. கல்லாகிப்போன பதினைந்து கிலோவும் பக்கெட் வடிவத்திலேயே, கைப்பிடியோடு, அதன் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது. தூக்கிப் போடலாம் என்றேன். வேண்டாம் என்றாள். தினமும் காலையில் வண்டி எடுக்குமுன் அதை நான் கையால் தூக்கி நகர்த்த வேண்டும் என்பது அவள் ஏற்பாடு.

கிட்டும் ரோலரும் சேர்த்து எட்டாயிரத்து நூற்றைம்பது. பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து மாதம் ஐந்நூறு ரூபாய் அவள் கையில் கொடுக்கிறேன். மூன்று மாதம் கொடுத்தாகிவிட்டது. மன்னித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன், அந்தப் பேச்சே இல்லை. இன்னும் அவளுக்கு நான் தர வேண்டியது ஆறாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய்.